கிட்னி மாற்று அறுவையும் மரபணுவும்: குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பதினொரு வருஷத்துக்கு முன் என் அக்காவுக்கு ஒரு கிட்னி கொடுத்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதமும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட ஓடிய பேச்சு "மேட்ச்" பற்றித்தான். யார் கொடுத்தால் நிற்கும், யார் கொடுத்தால் உடம்பு தள்ளிவிடும் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அதில் பாதி தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலர் போன் செய்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர்தான். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

"மேட்ச் பார்க்கிறோம்" என்கிறார்களே, எதை எதோடு பார்க்கிறார்கள்?

கிராமத்துத் தெருவில் புதுமுகம் ஒன்று நுழைந்தால் திண்ணையில் இருப்பவர் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். நம் ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பதில் சொல்வது செல்களின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள். செல்லுக்குள் என்ன சமைக்கிறார்கள் என்பதை ஒரு தட்டில் வைத்து வாசலில் காட்டுவது இவற்றின் வேலை. தட்டில் வைரஸின் துண்டு இருந்தால் வெள்ளணு பாயும். தட்டே வேறு வீட்டுத் தட்டாக இருந்தாலும் பாயும். கிட்னி மாற்றில் வரும் சிக்கல் இந்த இரண்டாவது வகை.

இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏ, பி, டி.ஆர். என்ற மூன்றையும் முக்கியமாகப் பார்ப்பார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக ஆறு. "ஆறில் மூன்று மேட்ச்" என்று ரிப்போர்ட்டில் வருவது இந்தக் கணக்கு. இப்போது சி, டி.கியூ., டி.பி. ஆகியவற்றையும் பார்க்கும் மையங்கள் உண்டு. உலகம் முழுக்க இதுவரை அடையாளம் கண்டு பெயரிட்ட எச்.எல்.ஏ. வகைகள் 40,000க்கும் மேல். அதனால்தான் வழியில் போகிற ஒருவரோடு ஆறும் பொருந்துவது அவ்வளவு அபூர்வம்.

என் தம்பிக்கும் எனக்கும் மேட்ச் பூஜ்யம் என்று வந்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இப்படி வருமா?

வரும். நாலில் ஒரு வாய்ப்பு.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் நெருக்கமாக இருப்பதால் தனித்தனியாகச் சிதறாமல் ஒரே கட்டாகத்தான் பெரும்பாலும் பிள்ளைக்குப் போகும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா ஒன்றும் அம்மா ஒன்றும் கொடுக்கிறார்கள். எந்தக் கட்டு என்பது சீட்டுக் குலுக்கல். உங்களுக்கு வந்த அதே இரண்டும் தம்பிக்கு வர நூற்றில் 25 வாய்ப்பு, ஒன்று மட்டும் பொதுவாக இருக்க 50, இரண்டுமே வேறாக இருக்க 25.

இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். பூஜ்யம் என்பது 6ஆம் குரோமோசோமின் ஒரு சின்னத் துண்டைப் பற்றிய செய்தி. மற்ற மரபணுக்களில் சராசரியாகப் பாதி உங்களுக்கும் தம்பிக்கும் பொதுவாகத்தான் இருக்கும்.

அப்பா, அம்மாவோடு பார்த்தால்?

குறைந்தது பாதி, அதாவது ஆறில் மூன்று, எப்போதும் பொருந்தும். ஒரு கட்டு அவர்களிடமிருந்துதானே வந்திருக்கிறது. நாலும் ஐந்தும் வந்தால் தற்செயல், அல்லது அடுத்த கேள்வியில் வரும் காரணம்.

நான் மாமன் மகளைக் கட்டியவன். அவள் எனக்குக் கிட்னி கொடுத்தால் சொந்தத்துக்குள் என்பதால் மேட்ச் கூடுமா?

நம் ஊருக்கே உரிய கேள்வி. மேல்நாட்டுக் கையேடுகளில் இதற்குப் பதில் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவருக்கும் ஒரு கட்டு பொதுவாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் என்றால் இரண்டில் ஒன்று. அந்நியத்தில் கட்டியவரைவிட இது கூடுதல்தான். ஆனால் உறுதி கிடையாது. டைப்பிங், அதாவது எச்.எல்.ஏ. வகையைக் கண்டறியும் சோதனை செய்துதான் பார்க்க வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும் நோய்கள் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் அதிகம் தென்படும். கிட்னியைக் கெடுக்கும் பரம்பரை நோய்கள் சில அந்த வகை. எனவே சொந்தத்துக்குள் கொடையாளர் கிடைத்தால் "மேட்ச் நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படுவதற்கு முன், அதே பழுது கொடுப்பவரிடமும் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முக்கியமாக, நோயாளி இளவயதுக்காரராக இருந்து, கிட்னி ஏன் போனது என்றே தெரியாவிட்டால்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தாய்மாமன், சித்தப்பா, அத்தை மகன் எல்லாம் நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், உறுப்பு மாற்றுச் சட்டத்தின் "நெருங்கிய உறவு" பட்டியலில் வர மாட்டார்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, இவ்வளவுதான். மற்றவர்கள் அங்கீகாரக் குழுவின் முன் போக வேண்டும். ஆவணங்களால் உறவு உறுதியாகாதபோது திசுப் பொருத்தம், டி.என்.ஏ. சோதனைகளைக் கேட்கவும் விதிகளில் இடமிருக்கிறது.

ரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாதா?

போதாது. ஆனால் முதல் கதவு அதுதான். ரத்தம் ஏற்றும்போது பார்க்கும் அதே விதி: ஓ எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏபி எல்லோரிடமும் வாங்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பேதம் கிட்னிக்குப் பொருட்டில்லை. ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது, எச்.எல்.ஏ.வுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ரத்த வகை, எச்.எல்.ஏ. பூஜ்யம் என்றும் வரலாம். நேர்மாறாகவும் வரலாம். வகை பொருந்தாத கிட்னியையும், எதிர்ப்பொருளை (அந்நியமானதைத் தாக்க உடல் செய்துவைக்கும் புரதத்தை) ரத்தத்திலிருந்து வடித்தெடுத்துவிட்டு வைக்கும் முறை இப்போது இருக்கிறது. செலவும் தொற்று ஆபத்தும் அதிகம்.

சரி, மேட்ச் குறைந்தால் எவ்வளவு ஆபத்து? நேராகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1987 முதல் 2013 வரை, இறந்தவரிடமிருந்து முதல் தடவையாகக் கிட்னி பெற்ற ஏறத்தாழ 1,89,000 பேரின் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு 2016இல் வெளிவந்தது. ஆறும் பொருந்தியவர்களோடு ஒப்பிட்டால், ஒன்று பொருந்தாதவர்களுக்குக் கிட்னி செயலிழக்கும் அபாயம் 13 சதவீதம் கூடுதல். ஆறுமே பொருந்தாதவர்களுக்கு 64 சதவீதம் கூடுதல். அதாவது எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. "இப்போதைய மருந்துக்கு மேட்ச்சே தேவையில்லை" என்று சொல்பவர்களும் முழு உண்மை சொல்லவில்லை.

ஆனால் 64 சதவீதம் கூடுதல் என்பதை "நூற்றில் 64 பேருக்குப் போய்விடும்" என்று படித்துவிடக் கூடாது. என் மாமா அப்படித்தான் படித்தார், இரண்டு நாள் தூங்கவில்லை. அடிப்படையில் இருக்கும் அபாயம் அந்த விகிதத்தில் கூடுகிறது என்பதுதான் பொருள்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 1995இல் உறுப்பு மாற்று ஆய்வாளர் பால் தெராசாகியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. கணவன் மனைவிக்குள் கொடுத்த கிட்னிகளில் சராசரியாக ஆறில் நான்கு பொருந்தவில்லை. அப்படியும் மூன்று வருஷம் கழித்து 85 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தன. பெற்றோர் கொடுத்தது 82 சதவீதம். இறந்தவரிடமிருந்து வந்தவை 70. ரத்த உறவே இல்லாத, மேட்ச் மோசமான மனைவியின் கிட்னி எப்படி அம்மாவின் கிட்னிக்குச் சமமாக நின்றது? உயிரோடு இருக்கும் ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து, அடிபடாமல், நேரம் வீணாகாமல் வந்ததுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். உலகம் முழுக்க மருத்துவமனைகள் கணவன் மனைவி கொடையைத் தைரியமாக ஏற்றதில் இந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு.

மேட்ச் வேறு, கிராஸ்மேட்ச் வேறா?

வேறு வேறு. இரண்டில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் கிராஸ்மேட்ச்சைத்தான் சொல்வேன்.

மேட்ச் என்பது இரண்டு பேரின் மரபணுவை ஒப்பிடுவது. கிராஸ்மேட்ச் என்பது நோயாளியின் ரத்தத்தில் கொடுப்பவருக்கு எதிரான ஆயுதம் ஏற்கெனவே தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது. நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை, கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு கலப்பார்கள். அணுக்கள் செத்தால், அல்லது எதிர்ப்பொருள் அவற்றில் போய் ஒட்டினால், பாசிட்டிவ். இங்கே பாசிட்டிவ் என்பது கெட்ட செய்தி.

1969இல் படேல், தெராசாகி இருவரும் வெளியிட்ட எண்கள் இன்றும் பாடமாக இருக்கின்றன. கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் கிட்னி வைக்கப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனடியாகச் செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் எட்டுப் பேருக்குத்தான் அப்படி ஆனது. அதற்குப் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் கிட்னி வைப்பது வழக்கொழிந்தது.

அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வரும்? என் கணவர் கொடுக்கத் தயார், ரத்த வகையும் ஒன்று, ஆனால் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அக்காவுக்குக் கொடுக்க முதலில் முன்வந்தவர் அத்தான். டெஸ்ட்டெல்லாம் நல்லபடியாகப் போய், கடைசியில் கிராஸ்மேட்ச்சில் நின்றது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்.

கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் உடலில் பாதி அப்பாவின் எச்.எல்.ஏ. பத்து மாதச் சுமையிலும் பிரசவத்திலும் குழந்தையின் அணுக்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும். சில பெண்களின் உடல் அதைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளும். குழந்தைக்கு அதனால் கெடுதல் வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது. இருபது வருஷம் கழித்துக் கணவரின் கிட்னியோ, பிள்ளையின் கிட்னியோ உள்ளே வந்தால் பழைய கணக்கு விழித்துக்கொள்ளும். கருக்கலைந்திருந்தாலும் இது நடக்கலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மனைவி கணவருக்குக் கொடுக்கும்போது இந்தத் தடை இல்லை. நம் நாட்டில் உயிரோடு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அதற்குக் காரணம் இந்த உயிரியல்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் பெரும்பங்கு குடும்பங்களுக்குள் நடக்கும் வேறு கணக்கு.

எதிர்ப்பொருள் உருவாக இன்னும் இரண்டு வழி உண்டு: ரத்தம் ஏற்றிக்கொண்டது, முன்பு ஒருமுறை வைத்த கிட்னி. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் எடுத்தவுடன் ரத்தம் ஏற்றாமல், ரத்தம் ஊற வைக்கும் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்துச் சமாளிக்க மருத்துவர்கள் பார்ப்பதன் ஒரு காரணம் இதுதான். எவ்வளவு பேருக்கு எதிராக ஆயுதம் சேர்ந்திருக்கிறது என்பதை பி.ஆர்.ஏ. என்று சதவீதத்தில் சொல்வார்கள். 80 என்றால் நூறு கொடையாளர் வந்தாலும் எண்பது பேர் ஒத்துவர மாட்டார்கள்.

ஆறுக்கு ஆறு மேட்ச். மாத்திரையே வேண்டாம்தானே?

வேண்டும். உடல் புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் தடுக்கும் மாத்திரை குறைவாகத் தேவைப்படலாம், ஆனால் வேண்டும். எச்.எல்.ஏ. தட்டு ஒன்றாக இருந்தாலும், தட்டில் வைக்கும் பதார்த்தம், அதாவது மற்ற ஆயிரக்கணக்கான புரதங்கள், அண்ணனுக்கும் தம்பிக்கும் கொஞ்சம் வேறுபடும்.

பொதுவாக மாத்திரை இல்லாமல் நிற்பது, எல்லா மரபணுவும் ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையருக்குள் மட்டும்தான். உலகில் நீண்டகாலம் நின்ற முதல் கிட்னி மாற்றே அப்படித்தான் நடந்தது. 1954 டிசம்பர் 23, பாஸ்டன் நகரில் ரொனால்டு ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கிட்னி கொடுத்தார். அறுவை செய்தவர் ஜோசப் மரே. இருவரும் உண்மையிலேயே ஒரே கருவில் பிரிந்தவர்களா என்று பார்க்க அப்போது டி.என்.ஏ. சோதனை கிடையாது. ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள், கைரேகைகூட ஒப்பிட்டார்கள். ரிச்சர்டு அதற்கப்புறம் எட்டு வருஷம் வாழ்ந்தார். மரேவுக்கு 1990இல் நோபல் கிடைத்தது.

அண்ணன் கிட்னியைத் தங்கைக்கு வைக்கலாமா? ஆண் உறுப்பு பெண் உடம்பில் ஒத்துக்கொள்ளுமா?

தாராளமாக. ஆணின் ஒய் குரோமோசோமால் வரும் சில புரதங்கள் பெண்ணின் உடலுக்குப் புதுசு என்பதால் நுண்ணிய வித்தியாசம் உண்டு என்று பெரிய பதிவேடுகளில் தெரிகிறது. அதற்காகக் கொடையாளரை மாற்றும் அளவுக்கு அது பெரிதல்ல. நான் கொடுத்த பிறகு அக்காவுக்கு மீசை முளைக்குமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். முளைக்கவில்லை.

எச்.எல்.ஏ. தவிர வேறு மரபணுக்களும் காரணமாகுமா?

ஆகும். ஆராய்ச்சி இப்போது வேகமாக நகர்வது இந்தப் பக்கம்தான்.

ஓர் உதாரணம் 2019இல் வெளியானது. 2ஆம் குரோமோசோமில் லிம்ஸ்1 என்ற மரபணுவுக்கு அருகே ஒரு சின்னத் துண்டு சிலரிடம் இரண்டு பிரதியிலும் விடுபட்டிருக்கும். அதனால் அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அப்படி விடுபட்டவருக்கு, அந்தத் துண்டு உள்ளவரின் கிட்னியை வைத்தால் நிராகரிப்பு, அதாவது உடல் கிட்னியைத் தள்ளிவிடும் அபாயம் ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. யோசித்தால் நியாயம் புரியும். தன்னிடம் இருக்கும் ஒன்று பிறரிடம் வேறு மாதிரி இருந்தால் உடல் சந்தேகப்படுகிறது. தன்னிடம் இல்லவே இல்லாத ஒன்று வந்து நின்றாலும் அப்படித்தான். மருத்துவமனைகள் இதை வழக்கமான சோதனையாகச் செய்வதில்லை. நீங்கள் போய்க் கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை.

இன்னொன்று ஏபிஓஎல்1. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டும் பரவலாக இருக்கும் இரண்டு மாற்றங்கள், தூக்கநோய் ஒட்டுண்ணியிடமிருந்து காக்கின்றன. ஆனால் இரண்டு பிரதியிலும் வந்தால் கிட்னியைக் கெடுக்கின்றன. அப்படிப்பட்டவர் கொடுத்த கிட்னி மற்றவற்றைவிடச் சீக்கிரம் செயலிழக்கிறது. நிராகரிப்பு என்று தோன்றுவது சில நேரம் கிட்னி தன்னோடு கொண்டுவந்த குறையாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சாட்சி. தமிழர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அமெரிக்காவில் காத்திருப்போருக்கு இது பெரிய விஷயம்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு டாக்ரோலிமஸ் நாலு மில்லிகிராம், எனக்கு எட்டு. எனக்கு நோய் முற்றிவிட்டதா?

இல்லை. உங்கள் உடல் அந்த மருந்தை வேகமாகச் செலவழிக்கிறது, அவ்வளவே. இங்கேயும் மரபணுதான்.

டாக்ரோலிமஸ் நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை. அதை உடைக்கும் நொதி ஒன்றின் பெயர் சிஒய்பி3ஏ5. சிலரிடம் இது வேலை செய்யும், சிலரிடம் பிறவியிலேயே செயல்படாத வடிவம் இருக்கும். வெள்ளையரில் பெரும்பாலோரிடம் இது வேலை செய்வதில்லை, நம்மவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் வேலை செய்கிறது. வேலை செய்பவருக்குத் தொடக்க அளவே ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படலாம் என்று 2015இல் வந்த வழிகாட்டி சொல்கிறது. இது தெரியாமல் எல்லோருக்கும் ஒரே அளவில் தொடங்கினால், சிலருக்கு முதல் வாரங்களில் ரத்தத்தில் மருந்து போதாமல் இருக்கும். நிராகரிப்பு தலைகாட்ட வசதியான காலமும் அதுதான்.

அப்படியென்றால் எல்லோரும் மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? பிரான்சில் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். மரபணு பார்த்து அளவு தீர்மானித்தவர்கள் சரியான அளவைச் சீக்கிரம் எட்டினார்கள், ஆனால் நிராகரிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மருந்தின் அளவை ரத்தத்தில் அடிக்கடி அளந்து திருத்திக்கொண்டே இருப்பதால் இரண்டு குழுவும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. என் கருத்து: காசு இருந்தால் டெஸ்ட் எடுக்கலாம், இல்லாவிட்டால் வருத்தம் வேண்டாம். ரத்த அளவு பார்க்கும் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

அந்த நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். அப்புறம், பம்பளிமாஸ் வேண்டாம், அது அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு, அளவை அதலபாதாளத்துக்கு இறக்கும். வேறு எந்த மருத்துவர் எந்த மருந்து எழுதினாலும் "நான் கிட்னி மாற்றியவன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அசாதயோப்ரின் கொடுத்தபோது வெள்ளணு மொத்தமாகக் குறைந்துவிட்டது. ஏன்?

அசாதயோப்ரினும் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துதான். டி.பி.எம்.டி., நட்15 என்ற இரண்டு மரபணுக்களில் குறை இருப்பவருக்குச் சாதாரண அளவே விஷமாகும். நட்15 குறை கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் அதிகம். யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால் கூடச் சேர்ந்தாலும் இதே விபத்து நடக்கும். இந்த விவரத்தைக் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

முதலில் கிட்னியைக் கெடுத்த நோய் பரம்பரையாக வந்தது. புதுக் கிட்னியிலும் வருமா?

நோயைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடையாளரைத் தேடுவது முகவரி இல்லாமல் வண்டி ஏறுவது போல.

நீர்க்கட்டிகளால் கிட்னி வீங்கும் பாலிசிஸ்டிக் நோய் புதுக் கிட்னியில் வராது, ஏனென்றால் அந்தக் கிட்னியின் செல்களில் அந்தப் பழுது கிடையாது. ஆனால் நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. இளவயதில் ஸ்கேன் சுத்தமாகத் தெரிந்தாலும் பின்னால் கட்டிகள் வரலாம். கொடுக்க முன்வரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு மரபணு டெஸ்ட் கேட்பது அதனால்தான்.

ஆல்போர்ட் நோய் விசித்திரமானது. கிட்னியின் வடிகட்டியில் இருக்க வேண்டிய கொலாஜன் என்ற ஒரு புரதம் இந்த நோயாளிகளிடம் பிறவியிலேயே சரியாக இல்லை. புதுக் கிட்னியில் அது முழுசாக இருக்கிறது. உடல் அதை இதுவரை பார்த்ததே இல்லை, எனவே நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அதை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. லிம்ஸ்1 கதையில் பார்த்த அதே தர்க்கம்தான்.

ஆக்சலேட் கற்கள் சேரும் முதன்மை ஹைப்பராக்சலூரியாவில் பழுது கல்லீரலில். அதைச் சரிசெய்யாமல் கிட்னி மட்டும் வைத்தால் அதிலும் உப்பு படிந்துவிடும். காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களின் மரபணுக் குறையால் வரும் ஏ.எச்.யு.எஸ். என்ற நோய் புதுக் கிட்னியில் திரும்ப வரக்கூடியது. கொடுக்கும் அண்ணனிடமும் அதே குறை இருந்தால், அறுவைக்குப் பின் அவருக்கே நோய் வரலாம். இந்த இரண்டிலும் அவசரப்பட்டுக் கிட்னி வைத்து இழந்த குடும்பங்கள் உண்டு. காரணம் தெரியாத கிட்னிச் செயலிழப்பு என்றால், குறிப்பாக நோயாளி இளவயதுக்காரர் என்றால், மரபணு டெஸ்ட்டைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள்.

வீட்டில் யாரும் பொருந்தவில்லை. என்ன வழி?

பரிமாற்றக் கொடை ஒன்று. உங்கள் மனைவி இன்னொருவருக்கும், அவர் மனைவி உங்களுக்கும் கொடுப்பது. 2011இல் திருத்திய சட்டம் இதை அனுமதிக்கிறது, இரு பக்கமும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். பாதி குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமை. இன்னொன்று, மூளைச்சாவு அடைந்தவர்களின் கொடைக்கான அரசு வரிசையில் பதிவது. அங்கே ரத்த வகையும் காத்திருப்பும்தான் முக்கியம், போன் வந்த பிறகு கிராஸ்மேட்ச் பார்ப்பார்கள். மூன்றாவது, எதிர்ப்பொருளை வடித்து அடக்கிவிட்டு வைப்பது.

நிராகரிப்பு தொடங்கினால் எப்படித் தெரியும்? ஊசி குத்தி பயாப்ஸி எடுக்காமல் கண்டுபிடிக்க முடியாதா?

சிறுநீர் குறையலாம், கால் வீங்கலாம், காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறும். உறுதி செய்வது இன்றும் கிட்னியின் சின்னத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான்.

புதிதாக வந்திருக்கும் ரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது, அடிப்படையே மரபணு. கிட்னியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும். அவை கொடுத்தவரின் டி.என்.ஏ. என்பதால் பிரித்து எண்ணலாம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். அழகான யோசனை. விலைதான் அழகாக இல்லை.

பன்றிக் கிட்னி வந்துவிட்டது என்கிறார்களே?

2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்தார்கள். அந்தப் பன்றியில் 69 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. நம் உடல் பார்த்த மாத்திரத்தில் தாக்கும் பன்றிச் சர்க்கரைகளை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கி, மனித மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்து, பன்றியின் வைரஸ்களை முடக்கியிருந்தார்கள். அவர் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து இறந்தார், கிட்னி மாற்றால் இறந்ததற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது. இதற்காக டயாலிசிஸில் காத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். வீட்டில் கொடுக்க ஆள் இருந்தால் அதைப் பாருங்கள்.

ஆறில் ஐந்து மேட்ச் உள்ளவருக்கு நாலே வருஷத்தில் போய்விட்டது. பூஜ்யம் மேட்ச் உள்ளவர் பதினைந்து வருஷமாக நன்றாக இருக்கிறார். எப்படி?

நான் பார்த்தவரை இதற்குப் பதில் மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. மூன்று, நான்கு வருஷத்தில் உடம்பு தேறியதும் "ஒரு வேளை விட்டால் என்ன" என்று தொடங்கும். திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவது, விலை அதிகம் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, நாட்டு மருந்துக்காரர் சொன்னார் என்று நிறுத்துவது. மருந்து அளவு இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடல் புதிய எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொள்கிறது. அப்படிப் பின்னாளில் வருவதில் டி.கியூ.வுக்கு எதிரானதுதான் அதிகம் காணப்படுகிறது. அதையோ அந்த ஆறில் எண்ணுவதே இல்லை. ஒருமுறை வந்த எதிர்ப்பொருளை முழுசாகத் துடைத்தெடுக்க இன்னும் நல்ல மருந்து இல்லை.

காசு இல்லாமல் மாத்திரையை நிறுத்துபவர்கள் முதலில் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டிலும் அரசு மருத்துவமனையிலும் வழி பார்க்கலாம், பிராண்டை மாற்றுவதானால்கூட அவருக்குத் தெரிந்து மாற்றி ரத்த அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

டைப்பிங் ரிப்போர்ட்டை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

தூக்கி எறியவே கூடாது. உங்களுடையது மட்டும் போதாது, கொடுத்தவருடையதும் வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கிரியாட்டினின் ஏறினால், உங்கள் ரத்தத்தில் எந்த எச்.எல்.ஏ.வுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அது கொடுத்தவரின் எச்.எல்.ஏ.தானா என்று ஒப்பிட அவருடைய காகிதம் இல்லாவிட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அதற்குள் கொடுத்தவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம், ஆய்வகம் மூடியிருக்கலாம். மூளைச்சாவுக் கொடை என்றால் பெயர் சொல்ல மாட்டார்கள், ஆனால் டைப்பிங் விவரத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு ரிப்போர்ட்டும் அக்காவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ரேஷன் கார்டோடு இருக்கின்றன. போட்டோ எடுத்து என் போனிலும் அத்தான் போனிலும் வைத்திருக்கிறோம்.